மார்புப் பட்டை மக்கர் செய்தால்: செல்லா, பட்டையா, புதுசா, கைப்பட்டையா?

இதயத் துடிப்பு காட்டும் மார்புப் பட்டை மக்கர் பண்ண ஆரம்பித்ததும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: போனை எடுத்துப் புது மாடல் என்ன விலை என்று தேடுவது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று ஊருக்கு ஊர் தோல் பதனிட்டுச் செருப்பு தைக்கிற வட்டாரம் நம்முடையது. வார் அறுந்ததற்காகச் செருப்பையே இங்கே யாரும் எறிவதில்லை. பட்டை விஷயத்தில் மட்டும் அப்படித்தான் எறிகிறோம்.

வேலூர்க் கோட்டை அகழி ஓரம் விடியலில் ஓடுபவர்கள், ஞாயிற்றுக்கிழமை அமிர்தி வரை சைக்கிள் மிதிப்பவர்கள், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்து நெஞ்சு எவ்வளவு அடித்தது என்று பார்க்க ஆசைப்படுபவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டை தகராறு செய்தால் உங்கள் முன் ஐந்து வழி இருக்கிறது. கழுவிப் பார்க்கலாம், செல் (உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி) மாற்றலாம், துணிப்பட்டையை மட்டும் வாங்கலாம், சென்சாரோடு (பட்டையில் மாட்டும், துடிப்பை எண்ணி அனுப்பும் சிறு கருவி) முழு செட்டும் புதிதாக வாங்கலாம், மார்பை விட்டுவிட்டுக் கையில் கட்டும் வகைக்கு மாறலாம். என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலூர் வெயிலிலும் வேலூர் தண்ணீரிலும் முதலில் சாவது துணிப்பட்டை. சென்சார் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை.

அதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். சென்சாரைப் பட்டையிலிருந்து கழற்றினால் பின்பக்கம் டிச் பட்டன் குழி இரண்டு இருக்கும். இரண்டு கட்டைவிரலையும் தண்ணீரில் நனைத்து, ஒன்றை இடது குழியின் உலோக விளிம்பிலும் மற்றதை வலது குழியின் விளிம்பிலும் அழுத்திப் பிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே ஈரம் பாலம் போடக்கூடாது, அதனால் நடுவில் துடைத்துவிடுங்கள். ஆப்பைத் திறந்து, தோளைத் தளர்த்தி, அரை நிமிடம் ஆடாமல் உட்காருங்கள். எழுபதோ எண்பதோ ஓர் எண் வந்து நிதானமாக நின்றால் சென்சாரும் செல்லும் நலம், குற்றவாளி பட்டை. எண்ணே வராவிட்டால் புது செல் போட்டு மறுபடி பிடியுங்கள். அப்போதும் வராவிட்டால்தான் சென்சார் போயிற்று என்று பேசலாம்.

இது மந்திரம் இல்லை. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் தோலின் மேல் சுமார் ஒரு மில்லிவோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. மார்பின் இரு புறமும் அதைப் பிடிக்கலாம், இரு கைகளுக்கு இடையிலும் பிடிக்கலாம். ஈசிஜி எடுக்கும்போது வரும் முதல் லீட் இரு கைகளுக்கு இடையிலானதுதான். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-ல் கம்பியில்லாத துடிப்புமானியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது இருந்த தத்துவம் இன்றைக்கும் மாறவில்லை. இவ்வளவு சின்ன மின்சாரத்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால்தான் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் வறட்சி எல்லாம் கணக்கைக் கெடுக்கின்றன.

எண் எப்படித் தவறுகிறது என்பதையும் கவனியுங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. கிளம்பிய முதல் ஐந்து பத்து நிமிடம் 200, 220 என்று தாண்டவமாடிவிட்டு, வியர்த்ததும் சரியாகிவிட்டால் பட்டையின் உட்புறம் தோலைத் தொடும் மின்முனை காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மார்கழிக் காலையில் பாலியஸ்டர் பனியன் மேல் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு ஓடினால் இது நிச்சயம் வரும். காய்ந்த தோலில் துணி உரசி நிலைமின்சாரம் கிளம்பும், சென்சார் அதையும் துடிப்பு என்று எண்ணிவிடும். கட்டும் முன் மின்முனை இரண்டையும் நன்றாக நனைத்தாலே போதும். எச்சில் தொட்டால்கூட வேலை செய்யும், அதில் உப்பு இருக்கிறதே.

இதற்கு நேர் எதிரான நோய் கத்திரி வெயிலில் வருவது. ஆரம்பத்தில் எல்லாம் சரியாக இருக்கும். பனியன் பிழிகிற அளவுக்கு வியர்த்த பிறகு எண் திடீரென்று பாதியாகும், அல்லது காணாமல் போகும். பழைய பட்டையில் துணி அடுக்குகளுக்குள் உப்புத் தண்ணீர் ஊறி, இடது மின்முனைக்கும் வலது மின்முனைக்கும் நடுவே குறுக்கு வழி போட்டுவிடுகிறது. நனைத்தால் குணமாவது முதல் வகை, நனைய நனைய மோசமாவது இரண்டாவது வகை. இரண்டாவது வந்துவிட்டால் பட்டைக்கு வயதாகிவிட்டது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அது பழுதே இல்லை. சென்சாரை வாட்ச் கண்டுபிடிக்கவே மாட்டேன் என்கும். சில சென்சார்கள் ப்ளூடூத்தில் ஒரே நேரத்தில் ஒருவரோடு மட்டும்தான் பேசும். பையில் கிடக்கும் போனில் ஏதோ ஓர் ஆப் முந்திக்கொண்டு பிடித்திருந்தால் வாட்சுக்கு வரிசையில் இடம் கிடையாது. போனில் ப்ளூடூத்தை அணைத்துப் பாருங்கள். போலாரின் எச்10 மாடல் ப்ளூடூத்தில் இருவரோடு பேசும், ஆன்ட் ப்ளஸ் என்ற இன்னொரு கம்பியில்லா முறை வழியாகத் தனியாகவும் அனுப்பும். போனைப் பின்பக்கப் பாக்கெட்டில் வைத்து ஓடினால் அலை நம் உடம்பைத் தாண்டித்தான் போக வேண்டும். உடம்பு பெரும்பாலும் தண்ணீர், இந்த அலைவரிசையைத் தண்ணீர் நன்றாகவே விழுங்கும். இதற்காகப் புதுப் பட்டை வாங்கினாலும் அதே கதைதான்.

செல் மாற்றுவது

விலை குறைந்த வழி, ஆனால் பாதிப் பேருக்கு இது தேவையே இல்லை. போலார் எச்10-ல் ஒரு செல் 400 மணி நேரம் வரும் என்பது நிறுவனக் கணக்கு, வாஹூ நிறுவனத்தின் டிக்கர் பட்டைக்கு 500. தினம் ஒரு மணி நேரம் ஓடுபவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் தாங்க வேண்டும். இரண்டு மாதத்தில் தீர்ந்துபோகிறது என்றால் தப்பு செல் மேல் இல்லை. ஓடி வந்ததும் பட்டையைக் கொடியில் மாட்டுகிறீர்கள், சென்சார் அதிலேயே தொங்குகிறது. ஈரம் இரண்டு பொத்தானையும் இணைத்தே வைத்திருப்பதால், யாரோ இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து அது இரவெல்லாம் விழித்திருக்கும். இந்த ஒரு பழக்கத்தை மாற்றினால் செல் செலவு பாதியாகும். ஒரு பக்கப் பொத்தானையாவது கழற்றி விடுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். எச்10, எச்9 இரண்டுக்கும் சிஆர் 2025. கார்மின் எச்ஆர்எம்-டூயல், வாஹூ டிக்கர் முதலியவற்றுக்கு சிஆர் 2032. முதல் இரண்டு இலக்கம் விட்டம், 20 மில்லிமீட்டர். கடைசி இரண்டு தடிமன், ஒன்று 2.5 மில்லிமீட்டர், மற்றது 3.2. வாட்ச் கடையில், “2025 இல்ல சார், 2032 போட்டுக்குங்க, ரெண்டும் மூணு வோல்ட்தான்” என்பார்கள். வோல்ட் சரிதான். ஆனால் 0.7 மில்லிமீட்டர் அதிகமான செல்லை அமுக்கி மூடினால் மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்காராது, வியர்வை உள்ளே போய்விடும். செல் விலையை மிச்சம் பிடிக்கப்போய் சென்சாரே போகும்.

குழந்தைகள் விழுங்காமலிருக்கச் சில செல்கள் மேல் கசப்புப் பூச்சு பூசி வருகிறது. அந்தப் பூச்சே சில கருவிகளில் மின்தொடர்பைத் தடுக்கும். புது செல் போட்டும் உயிர் வராவிட்டால், செல்லை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துப் போட்டுப் பாருங்கள். செல்லைக் கழற்றி அரை நிமிடம் சும்மா விட்டு மாட்டுவதும் நல்லது, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்து சென்சார் புதிதாகத் தொடங்கும். பழைய செல்லைக் குழந்தைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். கசப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

கழுவுவது

எல்லா வழியிலும் இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன், இதைத்தான் நம் ஊரில் அதிகம் தப்பாகவும் செய்கிறார்கள். பாலாறு மணலாகக் கிடக்கும் ஊர் இது. பல வீடுகளில் குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர், குடிக்க மட்டும் காவிரிக் கூட்டுக் குடிநீரோ கேன் தண்ணீரோ. பக்கெட்டின் உள் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதே சுண்ணாம்புதான் பட்டையின் மின்முனை மேலும் படிகிறது. உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரை வராமல் திரிந்து பிசுபிசுப்பாக நிற்கும். அந்தப் பிசுக்கு துணிக்குள் ஏறினால் தோலுக்கும் மின்முனைக்கும் நடுவில் தோல் மாதிரி ஒரு படலம். வியர்வை உப்பைக் கழுவப்போய் நிலத்தடி உப்பை ஏற்றிவிடுகிறோம்.

ஆகவே ஓடி முடித்ததும் சென்சாரைக் கழற்றிவிட்டுப் பட்டையை ஒரு சொம்பு குடிதண்ணீரில் அலசுங்கள். ஒரே ஒரு சொம்பு போதும், வீட்டில் திட்டு விழாது. போலார் சொல்வது ஒவ்வொரு முறையும் அலசு, ஐந்து முறைக்கு ஒரு தரமாவது 40 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் துவை என்று. மே மாத மத்தியானம் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் அந்த 40-ஐ ஹீட்டர் இல்லாமலே தாண்டும், காலையில் துவைப்பது நல்லது. மென்மையான சோப்பு சிறிது போதும். ப்ளீச்சிங், துணியை மிருதுவாக்கும் திரவம், இஸ்திரி, டிரையர் எதுவும் ஆகாது. ஸ்பிரிட் செல்லுக்குச் சரி, மின்முனைக்குக் கூடாது. காயப்போடுவது நிழலில், தட்டையாக. கொடியில் வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்தால் எலாஸ்டிக் தளர்ந்து, தளர்ந்த பட்டை ஓடும்போது குதித்து, குதித்த இடத்திலெல்லாம் தப்பு எண் வரும்.

டிச் பட்டனில் பச்சை பூத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள், உப்புத்தாள் வேண்டாம். காலையில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டோ சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டோ பட்டை கட்டுபவர்கள் மின்முனை படும் இடத்தை மட்டும் துடைத்துவிட்டுக் கட்டுங்கள். எண்ணெய் மின்சாரத்தை விடாது. ஜெல் போடலாமா என்பார்கள். ஈசிஜி ஜெல் போடலாம், அதில் உப்பு உண்டு. ஸ்கேன் சென்டரில் வயிற்றில் தடவும் நீல ஜெல் ஒலிக்கானது, மின்சாரத்துக்கானது அல்ல. தினமும் ஜெல் இருந்தால்தான் ஓடும் என்ற நிலைக்குப் பட்டை வந்துவிட்டால் அந்தக் காசைப் பட்டைக்கே போடலாம்.

பட்டை மட்டும் புதிது

விரல் சோதனையில் சென்சார் தேறி, இரண்டு மூன்று முறை ஒழுங்காகத் துவைத்தும் நோய் தீராவிட்டால் இதுதான் வழி. தயக்கமே வேண்டாம். நிறுவனப் பட்டையின் விலை முழு செட்டின் விலையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இருக்கும். சைக்கிளுக்கு டயர் மாற்றுவதைப் போல இது வழக்கமான தேய்மானச் செலவு என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவே ஆசை, ஆனால் செருப்பு வாரைச் சொன்னதே போதும்.

பல நிறுவனங்களின் டிச் பட்டன் இடைவெளி ஒன்றாகவே இருப்பதால் ஒன்றின் பட்டையில் மற்றொன்றின் சென்சார் மாட்டிக்கொள்ளும். அதனால் ஆன்லைனில் மலிவுப் பட்டைகள் நிறையக் கிடைக்கும். இதில் எனக்கு இரண்டு மனது. மார்கழி ஓட்டத்துக்கும் வாரம் இரண்டு நாள் நடைக்கும் மலிவு போதும். சித்திரை வைகாசியில் தினம் ஓடுபவருக்கு மலிவுப் பட்டையின் மின்முனை ஓரம் சீக்கிரம் உரிந்துவிடும், அதன் உட்புறம் ரப்பர் புள்ளிகள் இல்லாததால் வழுக்கிக் கீழே இறங்கும். வழுக்குகிற பட்டையைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டே அகழியைச் சுற்றுவது ஒரு தனி எரிச்சல். வாங்கும் முன் மார்புச் சுற்றளவை அளந்து அளவு பாருங்கள், பெரிய அளவை முடிச்சுப் போட்டுச் சுருக்குவது உதவாது.

முழு செட்டும் புதிது

இரண்டே காரணத்துக்கு இதை ஒப்புக்கொள்வேன். சென்சார் விரல் சோதனையில் புது செல்லோடும் தோற்றுவிட்டது, அல்லது உங்களுடையது பட்டையும் சென்சாரும் ஒன்றாகவே தைக்கப்பட்ட வகை. கார்மின் எச்ஆர்எம்-ப்ரோ அப்படி. ஓடும் விதத்தைப் பற்றிய கணக்கெல்லாம் கொடுக்கும் நல்ல கருவி, ஆனால் துணி போனால் எல்லாமே போச்சு. நம் வெயிலில் துணிதான் முதலில் போகும் என்றான பிறகு, கழற்ற முடியாததை வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. அதே நிறுவனத்தின் எச்ஆர்எம்-டூயலில் சென்சார் தனியாகக் கழன்று வரும், தினம் ஒரு மணி நேரக் கணக்கில் செல் மூன்றரை வருஷம் வரும் என்கிறார்கள். புதிதாக வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது கழற்ற முடியுமா, அடுத்து அந்தப் பட்டை தனியாக இந்தியாவில் கிடைக்கிறதா. ஆப்பில் எத்தனை வண்ணக் கோடு வரும் என்பது அதற்குப் பிறகு.

கைக்கு மாறுவது

வாட்ச் ஏற்கெனவே கையில் இருக்கிறதே, பட்டை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. வாட்ச் மின்சாரத்தைப் பார்ப்பதில்லை. பச்சை விளக்கைத் தோலில் அடித்து, இரத்தம் வந்து போகும்போது திரும்பி வரும் வெளிச்சம் ஏறி இறங்குவதை எண்ணுகிறது. உட்கார்ந்திருக்கும்போதும் ஒரே வேகத்தில் நடக்கும்போதும் நன்றாகவே எண்ணும். ஓடும்போது கை ஆடுகிறது, வாட்சும் ஆடுகிறது. நிமிடத்துக்கு 160, 170 காலடி வைப்பவருக்குச் சில சமயம் இதயத்தை விட்டுவிட்டுக் காலடியை எண்ணிக்கொண்டிருக்கும். மெதுவாகத்தான் ஓடுகிறோம், எண் மட்டும் 168-ல் ஆணியடித்தது போல் நிற்கிறதே என்று பயந்தால், காலடியை எண்ணிப் பாருங்கள். கறுத்த தோல் பச்சை ஒளியை அதிகம் உறிஞ்சும், அதனால் வாட்ச் தளர்வாக இருந்தால் நமக்கு இன்னும் சீக்கிரம் தடுமாறலாம். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கிக் கட்டினால் கொஞ்சம் தேறும்.

மேல்கையிலோ முழங்கைக்குக் கீழேயோ கட்டும் ஒளிப் பட்டை வேறு ரகம். போலார் வெரிட்டி சென்ஸ், கூஸ்போ கைப்பட்டை போன்றவை. அங்கே சதை அதிகம், ஆட்டம் குறைவு. சீரான ஓட்டத்தில் மார்புப் பட்டைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். அரை நிமிடம் வேகமாக, அரை நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றி ஓடும்போது மட்டும் எண் கொஞ்சம் பின்தங்கி வரும். துடிப்புக்குத் துடிப்பு இடைவெளியை வைத்து உடல் தேறியிருக்கிறதா என்று பார்ப்பவர்களுக்கும் மார்புப் பட்டைதான் சரி.

ஆனால் கத்திரியில் மார்புக்குக் கீழே வேர்க்குரு பூத்து, பட்டை உரசி எரிகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளாடையின் எலாஸ்டிக் மேல் இன்னொரு எலாஸ்டிக் ஏறி அழுத்துவது பெண்கள் பலருக்குத் தொந்தரவு. இவர்களிடம் துல்லியம் துல்லியம் என்று பேசுவது வீண். கட்டாமல் மேசை டிராயரில் கிடக்கும் பட்டையைவிடக் கையில் இருக்கும் பட்டை மேல். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: கைப்பட்டையில் உள்ளது சார்ஜ் ஏற்றும் பேட்டரி, நாம் திறந்து மாற்ற முடியாது. சில வருஷத்தில் அது தளர்ந்தால் கருவியும் முடிந்தது. அங்கே கழுவும் வேலை குறைவு, லென்ஸைத் துடைத்தால் போதும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

என்னிடம் இரண்டும் வாங்கப் பணமில்லை, ஒன்றைச் சொல் என்று கேட்டால்: ஏலகிரி ஏற்றம், வேகப் பயிற்சி, மாரத்தான் என்று போகிறவர் கழற்றும் வகை மார்புப் பட்டையும், அலமாரியில் ஒரு மாற்றுத் துணிப்பட்டையும் வைத்துக்கொள்ளட்டும். உடம்பைக் குறைக்க நடப்பவர், டாக்டர் சொல்லி மெதுவாக ஓடுபவர் கைப்பட்டைக்குப் போகலாம். வாட்ச் இருப்பவர் நடைக்கு அதையே வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

எதையும் வாங்குவதற்கு முன் இன்னொன்று பார்த்துவிடுங்கள். எண் விபரீதமாகக் காட்டும் அந்த நேரத்திலேயே நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பட்டை 190 என்று சொல்ல விரல் 120 என்று சொன்னால் மேலே சொன்னதெல்லாம் உங்களுக்கு. விரலும் 190 என்றே சொல்லி, கூடவே படபடப்போ தலைசுற்றலோ நெஞ்சில் இறுக்கமோ இருந்தால், அல்லது உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகும் துடிப்பு தாறுமாறாகவே போனால், பட்டை சரியாகத்தான் வேலை செய்கிறது. ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் முழு ஈசிஜி எடுங்கள், ஆப்பில் பதிவான அந்த நேரத்துக் கோட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டைகளில் எதையும் கட்டும் முன்பே அவரிடம் கேட்டுவிட வேண்டும்.